ஒன்பதாவது கேசட்

என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர், "இதுல ரெண்டு" என்று காகிதத்தை நீட்டிவிட்டு போனில் பேசப் போய்விடுவார்கள். முன்பக்கம் மட்டுமா, பின்பக்கமும் வேண்டுமா, ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தப்பாக எடுத்துவிட்டால் மட்டும் சண்டைக்கு வருவார்கள். அவர் ஒருத்தர்தான் கவுன்டர் முன்னால் நின்று முழுவதையும் சொல்லுவார். சொல்லிவிட்டு, "திருப்பிச் சொல்லுங்க தம்பி" என்பார். முதல் தடவை எனக்குச் சுள்ளென்று ஏறியது. நாற்பதைத் தாண்டிய ஆளைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிக்கச் சொன்னால் ஏறாதா? ஆனாலும் ஒப்பித்தேன். ஆதார் கார்டு, இரண்டு பக்கமும் ஒரே தாளில், மூன்று காப்பி. அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு பத்து வருஷம், அவர் வந்தபோதெல்லாம் ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். பெயரை எழுத எனக்கு மனசில்லை. போர்ட் பிளேயரில் எங்கள் டெய்ரி ஃபார்ம் பகுதியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. வயர்லெஸ்காரர், அவ்வளவுதான். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இருபது வயதில் கப்பலேறி அந்தமானுக்கு வந்து, சர்க்கார் வயர்லெஸ்ஸில் சேர்ந்து, தீவு தீவாக மாற்றலாகி, கடைசியில் இங்கே வீடு கட்டி உட்கார்ந்தவர். அதில் ஏழு வருஷம் பாராடாங் தீவில் இருந்தார். அந்தக் காலத்துப் பாராடாங்கில் போன் கிடையாது, ரோடு கிடையாது. யாருக்குப் பிள்ளை பிறந்தது, மெயின்லேண்டில் யாருடைய அப்பா காலமானார், எந்தப் போட் வரவில்லை, எல்லாமே அவர் காது வழியாகத்தான் ஊருக்குள் வரும். அதிலும் பாதி இரைச்சலாக வரும்.

கேட்டதை எழுது. கேட்காத இடத்தில் கோடு போட்டு விட்டுவிடு. நீயாக நிரப்பாதே. அந்த வேலையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதானாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், அந்தப் பழக்கத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. பேசி முடித்ததும் "ஓவர்" என்பார் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. நானும் ஏமாந்தேன்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். நல்ல வாய்க்காரி. ஒருநாள் கடையில் வைத்தே சொன்னார்: "இவர்ட்ட மீன் கொழம்பு எப்படி இருக்குன்னு கேட்டுப் பாருங்க தம்பி. சாப்பிட்ட வரைக்கும் நல்லாருக்குங்கிறாரு. மிச்சம் சட்டியில இருக்கிறது என்ன, கெட்டா போயிருக்கும்?" நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சட்டியில் இருப்பதை அவர் இன்னும் சாப்பிடவில்லை, அதுதான் விஷயம்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே போய்விடாது. எங்கள் கடைக்கு முன்னால் உள்ள திருப்பத்தில் ஒருநாள் காலை ஒரு ஆட்டோவும் ஸ்கூட்டரும் மோதிக்கொண்டன. ஆட்டோக்காரர் வயர்லெஸ்காரர் வீட்டு மாடியில் குடியிருந்தவர், நம்ம தமிழ் ஆள், இரண்டு பெண் குழந்தைகள். தப்பு ஸ்கூட்டர் மேல் என்று தெருவுக்கே தெரியும். போலீஸ் வந்து விசாரித்தபோது வயர்லெஸ்காரர், பத்தேகாலுக்குச் சத்தம் கேட்டது, வாசலுக்கு வந்து பார்த்தேன், அப்போது இரண்டு வண்டியும் கிடந்தன, அதற்கு முன் நடந்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னார். ஆட்டோக்காரர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். ஸ்கூட்டர்தான் வந்து விழுந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மறுபடியும் அதையே சொன்னார், ஒரு சொல்கூட மாறாமல். அந்தக் குடும்பம் அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு புரோத்ராபூர் போய்விட்டது. எனக்கு அவர் மேல் வெறுப்பாகவே இருந்தது. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்றும் தெரியவில்லை. வந்தார், திருப்பிச் சொல்லச் சொன்னார், போனார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் காக்கி அட்டை போட்ட மூன்று நோட்டுகளோடு வந்து, புத்தகம் போட வேண்டும், நீங்கள்தான் டைப் செய்து தர வேண்டும் என்றார். சர்க்கார் வேலை அனுபவமாக இருக்கும் என்று நினைத்தேன். திறந்து பார்த்தால் டிவி தொடர்!

டெல்லியிலிருந்து வந்த இந்தித் துப்பறியும் தொடர் அது. பதின்மூன்று வாரம் என்று அறிவித்து ஒன்பதே வாரத்தில் கதையை முடித்துவிட்டார்கள். ரிட்டயரான ஒரு போஸ்ட்மாஸ்டர் துப்பறிவார். ஓட மாட்டார், அடிக்க மாட்டார், குடையை ஊன்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்பார். ஒரு டாக்டர் வீட்டில் நடந்த கொலை, ஒன்பது வாரமும் அந்த ஒரே கொலைதான். இன்று அதைத் தேடினால் எங்கும் கிடைக்காது. அந்தக் காலத்து டேப்புகளை அழித்து அழித்து மேலேயே பதிவு செய்துவிட்டார்கள் என்கிறார்கள். இவர் அதற்குத் துணைநூல் எழுதியிருக்கிறார். தொடரைப் பார்க்கிறவர்கள் பக்கத்தில் வைத்துப் படிப்பதற்காம். "பாக்கிறதுக்குத் தொடரே இல்லையே சார், துணைக்குப் போறதுக்கு ஆள் எங்க இருக்கு?" என்று கேட்டேன். நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள், அதில் ஒன்பது பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னால் எண்ணிப் பார்த்திருப்பார்.

அந்த நாற்பத்தொரு பேர் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்றால், என் வாப்பாவின் கடை முற்றத்தில். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பாராடாங் படகு ஜெட்டிக்கு எதிரே என் வாப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். ஊரிலேயே டிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் அங்கேதான் இருந்தன. ஆனால் அங்கே சிக்னல் கிடையாது. போர்ட் பிளேயரில் என் மாமா அந்தத் தொடரை வாரா வாரம் கேசட்டில் பதிவு செய்து கொடுத்துவிடுவார். வியாழக்கிழமை அது டோங்கியில் வரும். சின்ன எஞ்சின் படகை இங்கே டோங்கி என்போம். ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் போட்டுப் பார்ப்பார்கள். பார்த்த கேசட் திரும்பப் போகும், அதன் மேலேயே மாமா அடுத்ததைப் பதிவு செய்வார். ஒயர் மாட்டுவது, டெக்கை ஓட்டுவது எல்லாம் வயர்லெஸ்காரர். நான் அப்போது கீழக்கரையில் பெரியம்மா வீட்டில் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு வாரம்கூடப் பார்த்ததில்லை.

டைப் செய்ய உட்கார்ந்ததும் தலை சுற்றியது. கதையை எழுதுவார் என்று பார்த்தால், மழை பெய்ததா, ஜெனரேட்டர் எத்தனை நிமிடம் நின்றது, அந்த நிமிடங்களில் திரையில் என்ன போயிருக்கும் என்பது தெரியாது, எல்லாம் இருந்தது. நான்காம் வாரத்தில் போஸ்ட்மாஸ்டர் சமையல்காரியிடம் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில் மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை அழுததால் கேட்கவில்லை என்று எழுதி, கோடு போட்டிருந்தார். அந்தக் குழந்தை யாருடையது என்பதும் இருந்தது. இன்டர்நெட்டில் அலசி, அந்தத் தொடரின் ஒரே ஒரு கலர் படத்தை எப்படியோ பிடித்தேன். போஸ்ட்மாஸ்டர் பச்சை ஸ்வெட்டரில் நிற்கிறார். அட்டைக்குப் போடலாம் சார் என்று ஆசையாகக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது, ஆனால் எங்களுக்கு வந்தது கறுப்பு வெள்ளை என்று சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சண்டை வந்தது ஒன்பதாம் அத்தியாயத்தில். கொலைகாரன் யார் என்று தெரியும் வாரம். மற்ற அத்தியாயங்களெல்லாம் இருபத்தைந்து பக்கம், இது அரைப்பக்கம்கூட இல்லை. நோட்டில் இருந்தது இவ்வளவுதான்:

"வியாழன். மாலை 4.10, டோங்கி வந்தது. உருளைக்கிழங்கு இரண்டு மூட்டை இறங்கியது. படகோட்டி மஞ்சள் துணிப்பையுடன் கடைக்குள் போனார். 4.25, வெளியே வந்தார். கையில் பை இல்லை. மழை இல்லை. சனி. கடைக்காரர் வீட்டில் திருமணம். ஞாயிறு. மாலை 6.00, நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். கேசட் கிடைக்கவில்லை. 6.40, கலைந்தார்கள்."

உருளைக்கிழங்கு மூட்டையெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே டைப் செய்தேன். எனக்குக் கோபம் வந்தது அதற்காக இல்லை. கேசட் ஏன் கிடைக்கவில்லை என்பது பாராடாங்கில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். படகோட்டி அதைத் தண்ணீரில் போட்டுவிட்டார். அவர் ஒரு வங்காளி. ஊரே தாதா, அண்ணன் என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆளை அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 'கேசட் டுபானேவாலா' ஆக்கிவிட்டார்கள், கேசட்டை மூழ்கடித்தவன் என்று. கொண்டுவந்து கடையில் கொடுத்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். வாப்பா, வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். வாப்பா அஞ்சு வேளை தொழுகிறவர், ஊருக்கே சாமான் கொடுக்கிறவர். யார் பேச்சு எடுபடும்? அதற்குப் பிறகு யாரும் அந்த ஆள் கையில் ஒரு பார்சல் கொடுக்கவில்லை. டோங்கியை விற்றுவிட்டு மீன் பிடிக்கப் போனார். இத்தனை வருஷம் கழித்து இப்போதும் அவர் மகன் டூரிஸ்டுகளைச் சுண்ணாம்புக் குகைக்குக் கூட்டிப்போகும்போது, ஜெட்டியில் யாராவது, பத்திரம், இவன் அப்பா கேசட்டையே மூழ்கடித்தவர் என்று கிண்டல் செய்வதுண்டு.

ஆகவே நானே ஒரு வரி சேர்த்தேன். 'படகோட்டி ஒன்பதாவது கேசட்டைத் தண்ணீரில் தவறவிட்டார்.' புரூஃப் போய்த் திரும்பி வந்தது. அந்த வரி மேல் பென்சில் கோடு.

"நீங்க பாத்தீங்களா தம்பி?" என்றார்.

"ஊரே சொல்லுதே சார். எங்க வாப்பா சொல்லியிருக்காங்க."

"எனக்கு வந்த தகவல்ல அது இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் வாப்பா பொய் சொன்னார் என்கிறீர்களா என்று கேட்டே விட்டேன். அப்படியும் எனக்குத் தகவல் இல்லை என்றார். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் இழுத்தோம். அந்த வரி இருந்தால்தான் அச்சுக்கு அனுப்புவேன் என்று நானும், இல்லாமல் போனால்தான் என்று அவரும். அவருக்கு அப்போது மூச்சிரைப்பு ஆரம்பித்திருந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை. புத்தகம் கைக்கு வந்தால் அந்த ஒன்பது பேரையும் நேரில் போய்ப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று அக்கா மூலமாகச் சொல்லி அனுப்பினார். நானும் பிடிவாதக்காரன். பேசாமல் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் லாத்தா, என் கூடப் பிறந்த அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், தன் கல்யாணக் கேசட் இரண்டையும் கொடுத்தனுப்பியது. பேரப் பிள்ளைகள் பார்க்கணும் என்கிறார்களாம், பென் டிரைவில் ஏற்றிக்கொடு என்று. கடையில் அந்த வேலையும் செய்வதுண்டு, பழைய டெக் ஒன்று வைத்திருக்கிறேன். முதல் கேசட்டில் நிக்காஹ். இரண்டாவது கேசட்டில் விருந்து, மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புவது, இருபத்தோரு நிமிடம். கார் இல்லாத ஊரில் மணமக்கள் டோங்கியில் ஏறுகிறார்கள், எல்லோரும் கையசைக்கிறார்கள், படம் கோடு கோடாக உடைந்தது. முடிந்தது என்று நிறுத்தப் போனேன். மறுபடி படம் வந்தது. ஒரு கிழவர் குடையை ஊன்றிக்கொண்டு ஒரு தெருவில் நடந்து போகிறார். பச்சை ஸ்வெட்டர்.

உட்கார்ந்துவிட்டேன். நான்கு நிமிடம் ஓடியது. ஒரு வாசலில் நின்று அவர் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார், டம்ளரைக் கொடுக்கிறார், ஒன்றும் கேட்காமல் போகிறார். பிறகு பெயர்கள். கொலைகாரன் யார் என்பது அதில் இல்லை. அதெல்லாம் லாத்தாவின் பிரியாணிக்கு அடியில் போய்விட்டது.

எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்கத் துப்பறிபவர் வேண்டாம். வீடியோ எடுக்க வந்தவனிடம் கேசட் தீர்ந்திருக்கும். கல்யாண அவசரத்தில் வாப்பா அலமாரியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்திருப்பார், பார்த்து முடித்து, திரும்பப் போக வேண்டிய கேசட் என்று நினைத்து. யாருக்கும் வரக்கூடிய தவறு. ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொரு பேர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

லாத்தாவுக்குப் போன் செய்தேன். வாப்பா அந்த இரண்டாவது கேசட்டை யாரையும் போட விட்டதே இல்லை என்றது. கெட்டுப்போச்சு, ஓடாது என்பாராம். அவர் மவுத்தான பிறகு டெக்கும் போய்விட்டது.

"கடைசியில இருக்கிறத மட்டும் அழிச்சிரு," என்றது. "மண்ணுக்குள்ள போன மனுசனை இப்ப எதுக்குடா எழுப்புற? அவங்க நமக்கு என்ன குறை வச்சாங்க?"

ஒரு குறையும் வைக்கவில்லை. என்னைப் படிக்க வைத்தார், இந்தக் கடை அவர் போட்ட முதல்தான். மூன்று நாள் அந்தக் கேசட்டை டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டு நடமாடினேன். ஒரு பட்டனை அழுத்தினால் போதும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு தடவை டெக்கில் போட்டேன். மூன்றாம் நாள் வேறு எதற்காகவோ ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தேன். 'மஞ்சள் துணிப்பையுடன் கடைக்குள் போனார். வெளியே வந்தார். கையில் பை இல்லை.' என் கையால் டைப் செய்த வரி. உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, நான் அதைப் படிக்கவே இல்லை.

அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். எத்தனை நிமிடம் என்று மட்டும் கேட்டார். மறுநாள் மத்தியானம் ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்துவிட்டார். கல்யாணத்தை ஓட்டிவிட்டு நேராகக் கடைசிக்குப் போகப் பார்த்தேன். வேண்டாம், முதலிலிருந்து போடுங்கள் என்றார். மடியில் நோட்டு, கையில் பென்சில். லாத்தா கல்யாணத்து விருந்தை அந்த மனிதர் நிமிடம் நிமிடமாகக் குறித்துக்கொண்டு பார்த்தார். மூன்றாவது பந்தியில் தலை நிறைய முடியோடு ஒருவர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அதைக் காட்டி, நான் என்றார். பதினெட்டாவது நிமிடத்தில் தண்ணீர் டிரம் உருட்டிக்கொண்டு ஒரு ஒல்லி ஆள் வந்தார், கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பின்னாலேயே வாப்பா வந்து அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த ஆள் யார் என்று நான் கேட்டேன்.

"தாதா," என்றார்.

சனிக்கிழமை தோளில் போட்ட கை. அடுத்த நாள் அதே மனுசர், கேசட் வரவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். கடைசி நான்கு நிமிடத்தையும் வயர்லெஸ்காரர் பார்த்து முடித்தார். கொலை செய்தது யார் என்று தெரியாதது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'ஒன்பதாம் வாரம், இறுதி நான்கு நிமிடம் கிடைத்தது' என்று எழுதினார். நோட்டை மூடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராடாங் போக வேண்டும் என்றார்.

அக்கா ஒரே பிடியாக நின்றார், இந்த மூச்சை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவதா என்று. அவர் கேட்கவில்லை. காரில் அவரைப் பின்சீட்டில் சாய்த்து, போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும் முதல் கான்வாயில் காட்டு வழியைக் கடந்து, வண்டியோடு போட்டில் ஏறி அக்கரை போனோம். இறங்கியதும் ஜெட்டியைப் பார்த்து, வயர்லெஸ் அறை இருந்த இடத்தைக் காட்டினார். இப்போது அங்கே டூரிஸ்டுகளுக்கு லைஃப் ஜாக்கெட் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதன் ஜன்னலிலிருந்து வாப்பாவின் கடை வாசல் முப்பது அடிகூட இருக்காது.

தாதா, தன் மகன் வீட்டுத் தாழ்வாரத்தில் வலை கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். வயர்லெஸ்காரரைப் பார்த்ததும் ஊசியை வைத்துவிட்டு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பேச்செல்லாம் இந்தியில்தான். நான்தான் சொல்ல வேண்டியவன், சொன்னேன். யார் மகன் என்று சொன்னேன், கேசட் எங்கே இருந்தது, எப்படிக் கிடைத்தது என்று சொன்னேன். அவர் சொன்னதுதான் உண்மை, வாப்பா சொன்னது பொய் என்று சொன்னேன். மாஃப் கரோ தாதா என்று மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. உன் அப்பா கடைசி வரைக்கும் என் பிள்ளைகளுக்கு இரண்டு பிஸ்கட் கூடப் போட்டுத்தான் கொடுப்பார் என்றார். எதற்காக என்று அப்போது புரியவில்லை என்றார். பிறகு வயர்லெஸ்காரர் பக்கம் திரும்பினார்; சர்க்கார் ஆளை அங்கே பாபு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அன்னிக்கு நீ ஜன்னல்லதான இருந்தே. என் கையில பை இருந்ததப் பாத்தியா, பாபு?"

"பாத்தேன்."

"திரும்பி வரும்போது?"

"இல்ல."

"அப்ப ஏன் சொல்லல?"

வயர்லெஸ்காரருக்கு மூச்சு வாங்கியது. "பைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கல, தாதா."

தாதா அவரையே பார்த்தார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று தோன்றியது. "அதுல வேற என்ன இருக்கும், பாபு? ஒம்பது வாரமா வேற என்ன கொண்டுவந்தேன்?"

எனக்கு அந்த ஆட்டோக்காரர் ஞாபகம் வந்தது. வயர்லெஸ்காரரும் அதையே நினைத்தாரா, தெரியாது. அவர் தலை குனிந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கண்ணைத் துடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு பையிலிருந்து ஒன்பதாம் அத்தியாயத்துப் புரூஃபை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, 'கையில் பை இல்லை' என்ற வரிக்குக் கீழே பென்சிலால் எழுதினார். எழுதியதை என்னிடம் நீட்டினார்.

'பையில் கேசட் இருந்தது.'

இருநூறு பக்கத்தையும் டைப் செய்தவன் நான். அவர் பார்க்காமல் எழுதிய வரி அதில் வேறு எதுவும் இல்லை. அதை இப்படியே போடட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினார். என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

தாதாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதினாய் என்று கேட்டார். வயர்லெஸ்காரர் இந்தியில் சொன்னார். தாதா காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு குனிந்தார்.

"ஃபிர் ஸே போலோ, பாபு."

அவர் திருப்பிச் சொன்னார்.